ஏறின கியரிலேயே இறங்கு: மலைப்பாதையில் பிரேக், ஸ்டியரிங், டயர் படும் பாடு

ஊட்டி சீசன் சமயத்தில், ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல், குன்னூர் மேட்டுப்பாளையம் சாலையில் பர்லியார் பழக்கடைகளுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றால் ஒரு வாடை வரும். ரப்பர் கருகின மாதிரி, இரும்பைச் சாணை பிடித்த மாதிரி, இரண்டும் கலந்த காந்தல் வாடை. மேலிருந்து இறங்கி வந்து டீ குடிக்க நிற்கும் கார்களின் முன் சக்கரத்திலிருந்து வருவது அது. சில வண்டிகளில் சக்கரத்தின் இடுக்கில் லேசாகப் புகையே வரும். ஓட்டி வந்தவர் இறங்கிப் பார்த்துப் பதறிப்போய், குடிதண்ணீர் பாட்டிலைத் திறந்து சக்கரத்தின் மேல் ஊற்றுவார், சுர்ரென்று ஆவி கிளம்பும். (அதைச் செய்யக்கூடாது, ஏன் என்று பிறகு சொல்கிறேன்.) அஞ்சு நிமிடம் கழித்து எல்லோரும் ஏறி உட்கார்ந்து மீதி இறக்கத்தையும் அதே மாதிரியே இறங்கிப் போவார்கள். அதைப் பார்க்கும்போதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

ஏனென்றால் எனக்கும் இது நடந்திருக்கிறது. கார் வாங்கி ஒரு வருஷம் ஆகியிருந்த நேரம், கோவை ரோட்டிலும் பைபாஸிலும் நன்றாக ஓட்டிப் பழகிய தைரியத்தில் குடும்பத்தோடு மலையேறிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். குன்னூரைத் தாண்டியதும் மூன்றாவது கியர், நேரான இடங்களில் நாலாவது, கால் மட்டும் பிரேக்கை விட்டு எடுக்கவே இல்லை. பர்லியாருக்கு நாலைந்து வளைவு இருக்கும்போது பெடலை அமுக்கினேன், பஞ்சை மிதித்த மாதிரி உள்ளே போனது. வண்டி வேகம் குறையவில்லை. காலை எடுத்து மறுபடி அமுக்கியதும் பாதிப் பிடித்தது, மூன்றாவது தடவை நின்றது. பின் சீட்டில் அம்மாவும் குழந்தையும் தூங்கிக்கொண்டிருந்தார்கள், அவர்களுக்கு இன்று வரை தெரியாது.

மேட்டுப்பாளையத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டேன். அங்கே இருந்த மெக்கானிக் அண்ணன் பானெட்டைத் திறப்பதற்கு முன்னாலேயே, "எந்த கியர்லங்க இறங்குனீங்க?" என்றுதான் கேட்டார். "மூணு, சில இடத்துல நாலு." "ஏறும்போது?" "ரெண்டு, வளைவுல ஒண்ணு." "அப்ப இறங்கும்போதும் அதேதானுங்க" என்று சொல்லிவிட்டு பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து காட்டினார். புதிதாக ஊற்றும்போது வெளிறிய மஞ்சளாக இருக்க வேண்டியது கட்டஞ்சாயா நிறத்தில் இருந்தது.

ஏறின கியரிலேயே இறங்கு. மலைப்பக்கம் பஸ், லாரி ஓட்டுகிறவர்கள் எல்லோரும் சொல்கிற ஒற்றை வரி இது. கேட்டிருக்காதவர்கள் குறைவு, பின்பற்றுகிறவர்கள் அதைவிடக் குறைவு, காரணம் யாரும் அதை விளக்கிச் சொல்வதில்லை என்று நினைக்கிறேன். விளக்கினால் பிரேக், ஸ்டியரிங், டயர் மூன்றும் ஒரே கதையாக வந்து நிற்கும்.

முதலில் வெப்பக் கணக்கு. குன்னூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் 325 மீட்டர் பக்கம். ஆக ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தை முப்பத்திச் சொச்சம் கிலோமீட்டரில் இறங்குகிறோம். ஆட்களும் பெட்டிகளுமாக 1,400 கிலோ எடையுள்ள ஒரு கார் இந்த உயரத்தை இறங்கும்போது வெளிவிடும் சக்தி, 65 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. இன்னொரு மாதிரி சொன்னால், 100 கிலோமீட்டர் வேகத்தில் போகிற காரை முழுசாகப் பிரேக் பிடித்து நிறுத்துவதை 38 தடவை செய்வதற்குச் சமம், அதுவும் ஒரு மணி நேரத்துக்குள். இந்தச் சக்தி எங்கேயாவது போயாக வேண்டும். கொஞ்சம் காற்றில் போகும், கொஞ்சம் டயர் உருள்வதில் போகும். மீதியை இன்ஜின் வாங்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் வாங்கிக்கொள்ள வேண்டும், மூன்றாவது வழி கிடையாது. நாலாவது கியரில் இறங்குகிறவர் இன்ஜினை வேலையிலிருந்து விலக்கிவிட்டு, நாலு சக்கரத்திலும் இருக்கிற சின்னச் சின்ன இரும்புத் துண்டுகள் மேல் அவ்வளவையும் ஏற்றி வைக்கிறார்.

அப்படி ஏற்றும்போது சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் இரும்புத் தட்டான டிஸ்க் 300, 400 டிகிரி வரை சூடாவது அதிசயமே இல்லை. அதற்கப்புறம் இரண்டு விதமாகப் பிரேக் கைவிடும். ஒன்று, அந்த டிஸ்க்கை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் பேடில் இருக்கிற பிசின் சூட்டில் வெந்து ஆவியாகி, பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் உரசல் குறைந்துபோகும். அப்போது பெடல் கல் மாதிரி கெட்டியாக இருக்கும், எவ்வளவு மிதித்தாலும் வண்டி மட்டும் நிற்காது. இரண்டாவது, சூடு பேடைத் தாண்டி பிரேக் ஆயிலுக்குப் போய் ஆயில் கொதித்துவிடும். திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது, அதனால்தான் காலின் அழுத்தம் அப்படியே சக்கரத்துக்குப் போகிறது. ஆவியைச் சுருக்க முடியும். குழாய்க்குள் ஒரு சின்ன ஆவிக் குமிழி வந்துவிட்டால் நாம் மிதிப்பது முழுக்க அந்தக் குமிழியைச் சுருக்குவதிலேயே போய்விடும், பெடல் தரை வரைக்கும் போகும். எனக்கு நடந்தது இதுதான். பின் சக்கரத்தில் டிரம் பிரேக் உள்ள வண்டிகளில் இன்னொன்றும் சேரும்: டிரம் சூட்டில் விரிந்து, உள்ளே அதோடு உரசும் லைனரை விட்டு விலகுவதால் பெடல் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கும்.

பிரேக் ஆயில் என்று நாம் சொன்னாலும் அது எண்ணெய் வகை இல்லை. காற்றிலிருக்கிற ஈரத்தைத் தானாக உறிஞ்சிக்கொள்ளும் ஒரு திரவம், ரப்பர் குழாய் வழியாகக்கூட வருஷக்கணக்கில் மெதுவாக உறிஞ்சும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. அதில் 4 சதவீதத்துக்கும் குறைவாக ஈரம் சேர்ந்தாலே அந்த வரம்பு 155 டிகிரிக்கு வந்துவிடும். டாட் 3 என்றால் 205, ஈரம் சேர்ந்தால் 140. ஆக, ஐந்து வருஷம் மாற்றாத ஆயிலோடு ஊருக்குள் ஓட்டும்போது ஒரு குறையும் தெரியாது. ஊருக்குள் அவ்வளவு சூடு ஏறவே ஏறாதே. மலை இறக்கத்தில்தான், அதுவும் பாதி வழியில்தான் தெரியும். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்வது இதனால்தான். சர்வீஸில் "ஆயில் லெவல் சரியா இருக்கு" என்று சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள், எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். லெவலுக்கும் ஈரத்துக்கும் சம்பந்தமே இல்லை. நிறத்தை மட்டும் நம்பவும் முடியாது, ஈரம் கண்ணுக்குத் தெரியாது.

சரி, இன்ஜின் எப்படி வண்டியைப் பிடிக்கிறது? கியரில் இருக்கும்போது சக்கரமும் இன்ஜினும் ஒன்றோடொன்று கோர்த்துக்கொண்டுதான் இருக்கின்றன. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் இன்ஜின் வண்டியை ஓட்டுவது போய், வண்டி இன்ஜினைச் சுற்ற ஆரம்பிக்கிறது. உள்ளே காற்றை இழுப்பதற்கும் அழுத்துவதற்கும் உரசலுக்கும் சக்தி செலவாகிறது, அந்தச் செலவுதான் நமக்குப் பிரேக். கியர் சிறியதாக ஆக, அதே வேகத்துக்கு இன்ஜின் அதிகத் தடவை சுற்ற வேண்டும், பிடிப்பும் அதிகமாகும். இரண்டாவது கியரில் இறங்கும்போது நிமிடத்துக்கு 3,000, 3,500 சுற்று என்று முள் ஏறி இன்ஜின் ஊளையிடும். புதிதாக ஓட்டுகிறவர்கள் இந்தச் சத்தத்துக்குப் பயந்துதான் மேல் கியருக்குப் போகிறார்கள். சிவப்புக் கோட்டுக்குக் கீழே இருக்கிற வரை அந்தச் சத்தத்தால் இன்ஜினுக்கு ஒன்றும் ஆகாது.

பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் இறக்குகிறவர்களும் இருக்கிறார்கள், விவரம் தெரிந்தவர்களே அதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இன்றைய இன்ஜெக்‌ஷன் இன்ஜின்களில் அது தலைகீழ். கியரில் வைத்து ஆக்ஸிலரேட்டரை விட்டு இறங்கும்போது இன்ஜினுக்குப் பெட்ரோலோ டீசலோ போவதை கம்ப்யூட்டர் அடியோடு நிறுத்திவிடுகிறது, சக்கரமே இன்ஜினைச் சுற்றிக்கொள்கிறது. நியூட்ரலுக்குப் போனால் இன்ஜின் அணையாமல் இருக்க எரிபொருள் ஊற்ற வேண்டியிருக்கிறது. அதைவிட மோசம் இன்ஜினையே அணைத்துவிட்டு இறக்குவது. பிரேக் பெடலுக்குப் பின்னால் ஒரு வட்டமான பூஸ்டர் இருக்கிறது, இன்ஜின் ஓடும்போது கிடைக்கும் வெற்றிடத்தை வைத்துத்தான் அது நம் கால் பலத்தைப் பல மடங்காக்குகிறது. இன்ஜின் நின்றால் இரண்டு மூன்று மிதிக்கு மேல் அதில் ஒன்றும் மிஞ்சாது, பெடல் இறுகிவிடும். பவர் ஸ்டியரிங்கும் போய் சக்கரத்தைத் திருப்ப முழு உடம்பையும் போட வேண்டியிருக்கும். சாவியைக் கடைசி வரை திருப்பினால் பல வண்டிகளில் ஸ்டியரிங்கே பூட்டிக்கொள்ளும். ஓடுகிற வண்டியில் சாவியைத் தொடவே கூடாது.

இன்னொரு பழக்கம், கண்ணுக்குத் தெரியாத நியூட்ரல் என்று சொல்வேன். டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஆஃப் ஆகாமல் இருக்க பிரேக்கோடு சேர்த்துக் கிளட்சையும் மிதிக்கச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதே காலோடு மலைக்கு வந்து ஒவ்வொரு வளைவிலும் கிளட்சை முழுசாக மிதித்தால், சரியாக எந்த இடத்தில் இன்ஜின் பிடிப்பு வேண்டுமோ அந்த இடத்தில் அதை அறுத்து விடுகிறோம். வளைவுக்கு முன்னாலேயே கியரைக் குறைத்து, கிளட்சிலிருந்து காலை எடுத்துவிட்டுத்தான் திருப்ப வேண்டும். கியரைக் குறைப்பதையும் வேகம் ஏறின பிறகு செய்யக்கூடாது. 60-ல் போகிற வண்டியை இரண்டாவது கியருக்குத் தள்ளி கிளட்சைப் பட்டென்று விட்டால், ஈரத்தில் இழுவைச் சக்கரம் வழுக்கிவிடும். இறக்கம் தொடங்கும் இடத்திலேயே கியரைத் தீர்மானித்துவிடுங்கள்.

ஆட்டோமேட்டிக் வண்டிக்காரர்கள் "எனக்கு கியரே இல்லையே" என்பார்கள். இருக்கிறது. டி-யில் விட்டால் பல வண்டிகள் இறக்கத்தில் தானாக மேல் கியருக்கு ஏறிவிடும், அதனால் லீவரில் எல், 2, எஸ் என்று எது இருக்கிறதோ அதற்கு மாற்றுங்கள், ஏஎம்டி (சாதாரண கியர்பாக்ஸையே தானாக மாற்றும் வகை) என்றால் எம்-க்கு நகர்த்தி கியரை நீங்களே இரண்டில் வையுங்கள். மின்சாரக் கார்களில் மோட்டாரே வண்டியைப் பிடித்து பேட்டரிக்கு மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும், மலை இறக்கத்துக்கு அருமையான ஏற்பாடு. ஆனால் பேட்டரி ஏற்கெனவே நிரம்பியிருந்தால் அது வாங்கிக்கொள்ளாது, பிடிப்பு குறைந்துவிடும். ஊட்டி ஹோட்டலில் ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டு 100 சதவீதத்தோடு காலையில் இறங்கக் கிளம்பாதீர்கள், 80-ல் நிறுத்திக்கொள்ளுங்கள். கீழே வரும்போது தானாகவே கொஞ்சம் ஏறியிருக்கும்.

சரியான கியரில் இருந்தாலும் பிரேக் தேவைப்படும், அதை எப்படி மிதிப்பது என்று ஒன்று இருக்கிறது. லேசாக மிதித்தபடியே கிலோமீட்டர் கணக்கில் வருவதுதான் கெடுதல். அமெரிக்காவில் லாரி ஓட்டுநர் உரிமத்துக்கான கையேட்டில் ஒரு முறை சொல்லித் தருகிறார்கள்: இறக்கத்துக்கு ஏற்ற ஒரு வேகத்தை மனதில் வைத்துக்கொள், வண்டி அந்த வேகத்தைத் தொட்டதும் நன்றாக அழுத்தி, அதிலிருந்து மணிக்கு 8 கிலோமீட்டர் மட்டும் குறைத்துவிட்டுக் காலை எடுத்துவிடு, மறுபடி அந்த வேகம் வரும்போது மறுபடி அழுத்து. ஒவ்வொரு அழுத்தலும் மூன்று நொடிதான். மொத்தச் சூடு இதனால் பெரிதாகக் குறையாது, ஆனால் நடுவில் பேட் விலகி டிஸ்க்கில் காற்றுப் படுகிறது, முக்கியமாக ஒவ்வொரு தடவையும் பெடல் எவ்வளவு கீழே போகிறது என்பது காலுக்குத் தெரிகிறது. காலை எடுக்காமலே வருகிறவருக்குப் பெடல் இறங்கிக்கொண்டே வருவது கடைசி வரை தெரியாது. அப்படி அடிக்கடி மிதிக்க வேண்டியிருந்தால் இன்னும் ஒரு கியர் குறைக்க வேண்டும் என்று அர்த்தம்.

இனி வளைவு. காரைத் தரையோடு சேர்த்துப் பிடித்திருப்பது ஒவ்வொரு டயரிலும் உள்ளங்கை அளவு இடம்தான், ஆக நாலு உள்ளங்கை. பிரேக் பிடிப்பதும் திருப்புவதும் அந்த நாலு உள்ளங்கையை வைத்துத்தான். பிடிப்பு என்பது ஒரு பானைச் சோறு மாதிரி, பிரேக்குக்கு அதிகமாகப் போட்டால் ஸ்டியரிங்குக்குக் குறையும். வளைவுக்குள் போன பிறகு வேகம் அதிகம் என்று தெரிந்து, திருப்பிக்கொண்டே ஓங்கி மிதிக்கிறவர் இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்கிறார், டயரால் கொடுக்க முடியாதபோது வண்டி ஸ்டியரிங் காட்டும் பக்கத்தை விட்டு நேராகப் போகும். மலையில் நேராக என்றால் எங்கே என்று சொல்லத் தேவையில்லை.

கொண்டை ஊசி வளைவில் எண்களைப் போட்டுப் பார்த்தால் நன்றாகப் புரியும். 12 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவு என்று வைத்துக்கொள்வோம். 20 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால் வண்டி எடையில் 26 சதவீதம் அளவுக்குப் பக்கவாட்டில் பிடிப்பு வேண்டும். 30-ல் அது 59 சதவீதம். 40-ல் 105 சதவீதம். காய்ந்த தார் ரோட்டில் நல்ல டயர் தரக்கூடியது சுமார் 80 சதவீதம், மழையில் நனைந்த ரோட்டில் 50 பக்கம் வந்துவிடும். அதாவது 20-ல் எந்தக் காலத்திலும் பயமில்லை, 30-ல் வெயிலில் திரும்பும், மழையில் வழுக்கும், 40-ல் எந்த டயராலும் முடியாது. ஸ்பீடாமீட்டரில் பார்த்தால் 30-க்கும் 40-க்கும் பெரிய வித்தியாசமே தெரியாது. வேகம் இரண்டு மடங்கானால் இந்தத் தேவை நாலு மடங்காகிறது, மொத்த விஷயமும் அதில் இருக்கிறது. அதனால் நேராக இருக்கும்போதே பிரேக்கை முடித்துவிட்டு, காலை எடுத்த பிறகு திருப்புங்கள்.

ஸ்டியரிங்கைப் பிடிப்பதில் கடிகாரத்தில் ஒன்பது, மூன்று இருக்கிற இடத்தில் இரண்டு கையும் இருந்தால் போதும். ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு உச்சியில் ஒரு கையால் சுற்றுவது பைபாஸில் பழகிய பழக்கம், குழியில் சக்கரம் விழுந்து ஸ்டியரிங் உதறும்போது அந்த ஒரு கை தாங்காது. கண் பானெட்டுக்கு முன்னால் இல்லாமல் வளைவு முடிகிற இடத்தைப் பார்த்தால் கை தானாக அந்த அளவுக்குத் திருப்பும். இதையும் சொல்லியாக வேண்டும்: கிளம்புவதற்கு முன் டிரைவர் சீட்டுக்குக் கீழே குனிந்து பாருங்கள். இறக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டில் உருண்டு வந்து பிரேக் பெடலுக்கு அடியில் மாட்டினால், மேலே சொன்ன ஒன்றும் உதவாது.

2019 ஏப்ரலுக்குப் பிறகு விற்ற புதிய கார்களில் ஏபிஎஸ் கட்டாயம் என்பதால் பலருக்கு அது இருக்கும், ஆனால் அது எதற்கு என்று தெரியாமலே இருக்கும். ஓங்கி மிதிக்கும்போது சக்கரம் சுற்றாமல் பூட்டிக்கொண்டால் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி கேட்காது. ஏபிஎஸ் ஒரு நொடிக்குள் பல தடவை பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்து, சக்கரத்தைச் சுற்ற வைத்துக்கொண்டே இருக்கும், அதனால் மிதித்தபடியே திருப்பி விலக முடியும். அந்த நேரத்தில் பெடல் கடகடவென்று காலுக்கடியில் அதிரும். ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுப்பதுதான் பலரும் செய்வது. எடுக்காதீர்கள், அழுத்தியே பிடியுங்கள். ஏபிஎஸ் இல்லாத பழைய வண்டியில்தான் விட்டு விட்டு மிதிக்க வேண்டும். ஏபிஎஸ் இருந்தால் தூரம் எப்போதும் குறையும் என்று நினைக்க வேண்டாம், ஜல்லி கொட்டிக் கிடக்கும் இடத்தில் கொஞ்சம் அதிகமாகவே ஓடி நிற்கும். சூடேறிப்போன பிரேக்கையும் அது காப்பாற்றாது.

டயரில் காற்று பற்றி ஒரு விஷயம், இது ரொம்பப் பேருக்குத் தெரியாதது. மேட்டுப்பாளையத்தில் 33 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வைத்துக்கொண்டு ஊட்டிக்கு ஏறுகிறீர்கள். மேலே வெளிக் காற்றின் அழுத்தம் குறைவு, அதனால் கேஜில் டயர் அழுத்தம் மூன்று பிஎஸ்ஐ அதிகமாகக் காட்ட வேண்டும். ஆனால் மேலே குளிர், கீழே 35 டிகிரி என்றால் அங்கே 15, குளிரில் டயருக்குள் காற்று சுருங்கி ஏறக்குறைய அதே மூன்று குறையும். டயர் நன்றாக ஆறின பிறகு பார்த்தால் பழைய 33-தான் இருக்கும். ஏறி வந்த சூட்டோடு அங்கே ஏர் செக் பண்ணினால் 36, 37 காட்டும், உடனே "அதிகமா இருக்கு, இறக்கிடலாம்" என்று திறந்துவிடுவார்கள். அப்படி இறக்கினால் மறுநாள் குறைந்த காற்றோடுதான் மலையிலிருந்து இறங்குவீர்கள், வளைவில் டயர் மடங்கும், ஸ்டியரிங் தாமதமாகக் கேட்கும். காற்று எப்போதும் ஆறின டயரில்தான் பார்க்க வேண்டும். எவ்வளவு என்பது டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும், ஆட்களும் சாமான்களும் நிறைய இருந்தால் எவ்வளவு என்று தனியாகப் போட்டிருப்பார்கள். டயரின் பக்கத்தில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, அதை வைக்கக்கூடாது.

டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சட்டப்படியே அது ஓடக்கூடாத டயர். பள்ளத்துக்குள் குறுக்கே சின்ன மேடு ஒன்று இருக்கும், தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் மாற்றும் நேரம். மழையில் ஓட்டுகிறவர்கள் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம் என்பது என் எண்ணம், பள்ளம்தானே தண்ணீரை வெளியே தள்ளுகிறது. பள்ளம் நன்றாக இருந்தும் வயசான டயர்களும் உண்டு. பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும், 2321 என்றால் 2021-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செய்தது. ஸ்டெப்னியில் அதைப் பாருங்கள், பல வண்டிகளில் வண்டி வாங்கின நாளிலிருந்து தொடாமல் கிடக்கும். இரண்டு டயர்தான் மாற்ற முடியும் என்றால் புதுசைப் பின்னால் போடுங்கள். முன்னால் வழுக்கினால் காலை எடுத்துச் சமாளிக்கலாம், ஈரத்தில் பின்னால் வழுக்கி வண்டி சுற்ற ஆரம்பித்தால் சமாளிக்கிறவர்கள் ரொம்பக் குறைவு. டயர் வெடித்தால் ஓங்கி பிரேக் மிதிக்கக்கூடாது, ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து நேராக வைத்து, ஆக்ஸிலரேட்டரை மெதுவாக விட்டு, வேகம் தானாகக் குறைந்த பிறகு ஓரங்கட்டுங்கள்.

ஊட்டியிலிருந்து மசினகுடிக்குக் கல்லட்டி வழியாக ஒரு பாதை இருக்கிறது, 36 கொண்டை ஊசி வளைவுகள். கூடலூர் சுற்றிப் போவதைவிட ஏறக்குறைய பாதித் தூரம். அதே உயரத்தைப் பாதித் தூரத்தில் இறங்குவதென்றால் சரிவு எப்படி இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 2018 அக்டோபரில் சென்னையிலிருந்து வந்த ஒரு கார் அங்கே பள்ளத்தில் விழுந்து ஐந்து பேர் இறந்துபோனார்கள், அதற்குப் பிறகுதான் வெளியூர் வண்டிகளுக்கு அந்த வழியில் கட்டுப்பாடு வந்தது. கட்டுப்பாட்டைச் சிலர் தொல்லையாகப் பார்க்கிறார்கள், நான் அப்படிப் பார்க்கவில்லை. உள்ளூர்க்காரர்கள் அதே பாதையில் தினமும் இறங்குகிறார்கள் என்றால் அவர்களுடைய காலும் கையும் அதற்குப் பழகியிருக்கின்றன. எதிரே ஏறி வருகிற வண்டிக்கு வழிவிட வேண்டியது இறங்குகிறவர்தான், சாலை விதியே அப்படித்தான் சொல்கிறது. ஏறுகிற வண்டி பாதி மேட்டில் நின்றால் மறுபடி எடுப்பது கஷ்டம். நின்று வழிவிட முடிகிற வேகத்தில் இறங்கினால்தான் இந்த விதியையும் மதிக்க முடியும்.

மீறி ஒரு நாள் பெடல் தரை வரை போய்விட்டது என்றால்? முதலில் வேகமாக நாலைந்து தடவை மிதியுங்கள், ஆவிக் குமிழிதான் காரணம் என்றால் கொஞ்சமாவது பிடிப்பு திரும்பி வரும். கூடவே ஒவ்வொரு கியராகக் குறையுங்கள், நியூட்ரலில் மாட்டிக்கொள்ளாதீர்கள். ஹேண்ட் பிரேக்கை ஒரே இழுப்பாக இழுத்தால் பின் சக்கரம் பூட்டி வண்டி சுற்றும், பட்டனை அமுக்கியபடியே கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். பட்டன் வகை எலெக்ட்ரானிக் ஹேண்ட் பிரேக் என்றால் இழுத்துப் பிடித்துக்கொண்டே இருங்கள், பெரும்பாலான வண்டிகளில் கம்ப்யூட்டரே பார்த்துப் பார்த்து நிறுத்தும். ஹாரனும் நாலு பக்க இண்டிகேட்டரும் போட்டுவிடுங்கள். எதுவும் உதவவில்லை என்றால் பள்ளத்தின் பக்கம் இல்லாமல் மலையின் பக்கம், மண் மேட்டிலோ ஓரத் தடுப்பிலோ வண்டியின் பக்கவாட்டை உரசவிட்டு வேகத்தைக் குறைக்க வேண்டும். கதவும் கண்ணாடியும் போனால் போகட்டும்.

அந்த அளவுக்குப் போவதற்கு முன்பே வண்டி சொல்லிவிடும், முதலில் காந்தல் வாடை, அப்புறம் பெடல் ஆழமாவது. வாடை வந்தால் அடுத்துக் கிடைக்கும் அகலமான இடத்தில் நிறுத்திவிடுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்று சொன்னேனே, நானூறு டிகிரி இரும்பில் பச்சைத் தண்ணீர் ஒரு பக்கம் மட்டும் பட்டால் டிஸ்க் கோணிக்கொள்ளும், விரிசலும் விடும், அப்புறம் ஒவ்வொரு தடவை பிரேக் பிடிக்கும்போதும் ஸ்டியரிங் உதறும். ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பி நிறுத்தாமல், வண்டி கீழ் நோக்கி நிற்பதால் ரிவர்ஸ் கியரில் வைத்து, சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுங்கள். அரை மணி நேரம், முடிந்தால் அதற்கு மேலும், காற்றாட விடுங்கள். உள்ளே வாங்கின சூடு டிஸ்க்கிலிருந்து வெளியே போக அவ்வளவு நேரம் ஆகும், ஒரு டீ குடிக்கிற நேரம் போதாது. கிளம்புவதற்கு முன் இன்ஜினை ஓடவிட்டுப் பெடலை அழுத்திப் பிடித்துப் பாருங்கள், மேலேயே நிற்க வேண்டும், மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் அந்த வண்டி அங்கிருந்து வேறு வண்டியின் மேல்தான் போக வேண்டும். நின்றால், கல்லை எடுத்துவிட்டு முதல் கியரில் நூறு அடி இறக்கிப் பிரேக்கைச் சோதித்துவிட்டு, இந்த முறை இரண்டாவது கியரை விட்டு மேலே ஏறாமல், அடிவாரத்தில் இருக்கும் கல்லாறு வரைக்கும் வாருங்கள்.